அழிந்ததும் அழித்ததும்

'அழிந்தது' என்னும் சொல்லுக்கும் 'அழித்தது' என்னும் சொல்லுக்கும் இடையே ஒரே ஒரு மெய்யெழுத்துத்தான் வேறுபாடு. ஆயினும் முன்னது தானே நேர்ந்ததைச் சொல்கிறது. பின்னது ஒருவர் எண்ணிச் செய்ததைச் சொல்கிறது. ஊர் வெள்ளத்தில் அழிந்தது என்கிறோம். பகைவன் ஊரை அழித்தான் என்கிறோம். எஞ்சிய மண்மேட்டை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். பொறுப்பு யாருடையது என்று கேட்கும்போதுதான் அந்த ஓர் எழுத்தின் கனம் தெரிகிறது.

இந்த வேறுபாட்டைச் சற்றும் அறியாத ஒரு பொருள் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கிறது. கணிப்பொறியின் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் என்னும் காந்தத் தட்டையே குறிப்பிடுகிறோம். நிக்காஹ் நாளில் எடுத்த படங்கள், வளைகுடாவிலிருந்து பேசி அனுப்பிய குரல், வீட்டுப் பத்திரத்தின் நகல், ஜமாஅத்தின் வரவு செலவு, மறைந்த பெரியவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் யாவும் ஒரு கைப்பிடிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டுக் கருவியில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய எந்திரம் தாங்கியது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் படங்களை ஒரு சட்டைப் பையில் எடுத்துச் செல்லலாம். ஒரு விரல் தவறினால் அவை அனைத்தும் ஒரு நொடியில் மறைந்தும் போகலாம்.

மறைந்து போகின்றன என்றோமே, அவை உண்மையில் எங்கே போகின்றன?

எங்கும் போவதில்லை. நம்மில் பலர் இதை அறியாமலே இருக்கிறோம். நூலகம் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை உண்டு. நூலின் பெயரும் அது இருக்கும் அலமாரியும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவர் அந்த அட்டையை மட்டும் கிழித்தெறிந்துவிட்டார். நூல் அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் கேட்பவருக்கு 'இல்லை' என்னும் விடையே கிடைக்கும். நாளை புதிய நூல் ஒன்று வரும்போது, அந்த இடம் காலி என்று கருதும் நூலகர் பழையதை எடுத்தெறிந்துவிட்டுப் புதியதை வைப்பார். உண்மையான அழிவு அந்நாளில்தான் நேர்கிறது. கணிப்பொறியில் ஒரு கோப்பை நீக்குவதும் பெரும்பாலும் இத்தகையதே. பெட்டி முழுவதையும் விரைவாக ஃபார்மட் செய்வதும், எல்லா அட்டைகளையும் வீசிவிட்டு வெற்று அட்டைப் பெட்டி ஒன்றை வைப்பது போன்றதுதான்.

பழைய கணிப்பொறிகளில் பெரிதும் வழங்கிய ஃபேட் என்னும் முறையில் இது இன்னும் வெளிப்படை. கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 229 என்னும் எண்ணைக் குறிக்கும் ஓர் அடையாளம் இடப்படும். கோப்புக்கு உரிய இடங்கள் காலி என்று குறிக்கப்படும். உள்ளே எழுதியிருந்தவை அப்படியே கிடக்கும். 1982ஆம் ஆண்டில் பீட்டர் நார்ட்டன் என்பவர் வெளியிட்ட நிரல் இதனைப் பயன்படுத்தித்தான் நீக்கிய கோப்புகளை மீட்டுத் தந்தது. 1991இல் வந்த எம்.எஸ்.டாஸ் 5.0 பதிப்பில் அத்தகைய கட்டளை உடனிணைந்தே வந்தது. அது மீட்கும்போது, போன முதல் எழுத்து எது என்று உரியவரையே கேட்கும். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த எந்திரம் ஓர் எழுத்தை மட்டும் மனிதனிடம் கேட்டு நின்றது! தன் பொருளுக்குத் தான் இட்ட பெயரைக்கூட மறந்துவிட்டவர் ஏதேனும் ஓர் எழுத்தைச் சொன்னாலும் அது ஏற்றுக்கொண்டது என்பது வேறு செய்தி.

ஆகவே, கைத்தவறால் கோப்பை இழந்தவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாதிருத்தல். கேட்க எளிது; செய்ய அரிது. பதற்றத்தில் கணிப்பொறியை மீண்டும் மீண்டும் இயக்குகிறோம். மீட்கும் நிரலை இணையத்திலிருந்து இறக்கி அதே தட்டில் பதிக்கிறோம். காலி என்று குறிக்கப்பட்ட இடத்தில் போய் அந்நிரலே அமர்ந்துகொள்கிறது. காப்பாற்ற வந்தவனே கழுத்தை மிதிக்கும் கதை. அறிந்தவர்கள் அத்தட்டைக் கழற்றி, வேறொரு கணிப்பொறியில் எழுத முடியாதவாறு இணைத்து, முதலில் முழு நகல் ஒன்று எடுப்பர். பிறகு அந்நகலில்தான் தேடுவர். தேடும் முறையும் வியப்புக்குரியது. அட்டை இல்லாத நூலகத்தில் ஒவ்வொரு நூலாக எடுத்து முதற் பக்கத்தைப் பார்த்து வகை பிரிப்பது போன்றது அது. ஜே.பெக் வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்னும் மூன்று எண்களுடன் தொடங்கும். அவ்வரிசை எங்கே வருகிறது என்று தட்டின் முதல் முனையிலிருந்து கடைசி வரை துழாவினால் படங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். ஆனால் அவற்றுக்குப் பெயர் இராது. 'உம்மா, பெருநாள்' என்று நாம் இட்டிருந்த பெயர் போய், ஏதோ ஒரு நீண்ட எண் நிற்கும்.

2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்கலம் வானில் சிதறியபோது கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். அக்கலத்தில் இருந்த ஓர் ஆய்வுக் கருவியின் தட்டு, நெருப்பில் கருகி உருகிய நிலையில் பின்னர் நிலத்தில் கிடைத்தது. அதிலிருந்தும் ஏறத்தாழ 99 விழுக்காட்டுச் செய்தியை வல்லுநர்கள் மீட்டனர். அந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியாயிற்று. விண்ணிலிருந்து எரிந்து விழுந்த தட்டில் எழுத்து பிழைத்தது. 2006இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வருவாய்த் துறையிலோ ஒரு பணியாளரின் கைத்தவறு போதுமானதாயிற்று. எண்ணெய் வருவாயிலிருந்து குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பங்கு வழங்கும் நிதியின் விண்ணப்பங்கள் இருந்த தட்டை அவர் ஃபார்மட் செய்துவிட்டார். மாற்றாக வைத்திருந்த தட்டையும் செய்துவிட்டார். மூன்றாம் காப்பான நாடாக்களை எடுத்துப் பார்த்தால் அவை படிக்க முடியாதிருந்தன. ஏறத்தாழ எட்டு இலட்சம் படிமங்கள் போயின. எஞ்சியது முந்நூறு அட்டைப் பெட்டிகளில் கிடந்த காகிதம். பல வாரங்கள் பலர் கூடி அக்காகிதங்களை மீண்டும் ஒவ்வொன்றாகப் பதிந்தனர். இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. எவர்மீதும் பழி சுமத்தப்படவில்லை என்று அப்போதைய துறைத் தலைவர் பின்னர்த் தெரிவித்தார். அது பெருந்தன்மை என்பது நம் எண்ணம். மூன்று காப்புகளையும் சோதிக்காமல் விட்டது ஓர் ஊழியரின் குற்றம் மட்டுமன்று அல்லவா?

நிற்க. இவை யாவும் அழிந்தவை பற்றியன. இழந்தவர் மீண்டும் வேண்டும் என்கிறார். வல்லவர் மீட்டுத் தருகிறார். இதில் அறச்சிக்கல் ஏதும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மீட்கும் நிரல் தட்டைத் துழாவும்போது, கைத்தவறால் அழிந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. என்றோ ஒருவர் எண்ணித் துணிந்து அழித்தவற்றையும் சேர்த்தே அள்ளி வருகிறது. எது தவறி விழுந்தது, எது வேண்டாம் என்று வீசப்பட்டது என்று அதற்குத் தெரியாது. நிய்யத்தைப் பதிந்து வைக்கும் இடம் எதுவும் அத்தட்டில் இல்லை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தந்தை மறைந்து நாற்பது நாள் ஆகவில்லை. அவருடைய கணிப்பொறியில் இருந்த படங்களை வேறிடத்திற்கு மாற்ற முயன்ற மகனின் கைத்தவறால் தட்டு வெறுமையாயிற்று. தாயின் கண்ணீரைக் காணச் சகியாத மகன் அதை ஒரு வல்லுநரிடம் கொண்டுபோகிறான். மூன்று நாளில் ஆறாயிரம் படங்கள் திரும்பி வருகின்றன. கூடவே ஒரு கடிதமும் வருகிறது. பாகப்பிரிவினையில் தமக்கு இழைக்கப்பட்டதாகத் தாம் கருதிய அநீதியைக் குறித்துத் தம் தம்பிக்கு அவர் எழுதிய கடிதம். சொல் ஒவ்வொன்றும் தீ. தம்பியோ, அண்ணன் மறைந்த நாள்முதல் அந்த வீட்டை விட்டு அகலாது உடனிருப்பவர். 'வாப்பா மனத்தில் இதுவா இருந்தது' என்று மகன் சிற்றப்பாவை ஏறிட்டுப் பார்க்க முடியாது தவிக்கிறான்.

வாப்பாவின் மனத்தில் இருந்தது அதுதானா? அவர் கடிதம் எழுதினார், உண்மை. அதை அனுப்பவில்லை, அதுவும் உண்மை. பிறகு ஒருநாள் அதனை அழித்தார். இம்மூன்றில் இறுதியானது எதுவோ அதுவன்றோ அவருடைய முடிவு? ஆனால் நிரல் மீட்டுத் தந்தது முதலாவதை மட்டுமே. எழுதிய கோபம் எழுத்துக்கு எழுத்து மீண்டுவிட்டது. அக்கோபத்தை அவர் விழுங்கிய செயல் எங்கும் பதிவாகவில்லை. மீட்புக்குப் பின் திரையில் தோன்றும்போது அந்தக் கடிதம், அவர் போற்றி வைத்திருந்த பேரனின் படத்துக்குப் பக்கத்தில், அதே மதிப்போடு, அதே மாதிரியான ஓர் எண்ணைத் தாங்கி நிற்கிறது. ஒரு மனிதரைப் பற்றி இதைவிடப் பெரிய பொய்யை உண்மையான ஓர் ஆவணத்தால் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

அவ்வாறாயின், உரியவர் அழித்ததை எவரும் தொடலாகாது என்று ஒரே விதியாக வகுத்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். அதுவும் இயலாது. 1986ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க வெள்ளை மாளிகையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஈரானுக்கு மறைவாக ஆயுதம் விற்று, அப்பணத்தை நிகராகுவாவின் கிளர்ச்சியாளருக்குத் திருப்பிய செய்தி வெளிப்பட்ட வேளையில், பாதுகாப்பு ஆலோசகர் பாயிண்டெக்ஸ்டரும் அவருக்குக் கீழிருந்த ஆலிவர் நார்த்தும் தங்கள் கணிப்பொறிச் செய்திகளை ஆயிரக்கணக்கில் அழித்தனர். காப்பு நாடாக்களில் அவை தங்கியிருந்தன; விசாரணைக் குழு அவற்றைக் கொண்டே பலவற்றைத் தெளிந்தது. அங்கே அழித்தவரின் விருப்பத்துக்கு மதிப்பளித்திருந்தால் அது நீதியாகுமா? கணக்கை எழுதியவன் கணக்கைக் கிழித்துவிட்டால் கடன் தீர்ந்ததாகாது.

ஆகவே, அழித்தார் என்பது மட்டும் போதாது. அழித்தது யாருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தன் மனத்தின் கொதிப்பை ஒருவர் எழுதி அழித்தால் அது அவருடையதே. அதில் பிறருக்கு உரிமை ஏதும் இல்லை. பிறருடைய பணமோ, நிலமோ, சாட்சியமோ கலந்த ஒன்றை அழித்தால், தமக்கு முழு உரிமை இல்லாததன்மீது அவர் கைவைத்தவராகிறார். இப்பாகுபாடு தெளிவானதாகத் தோன்றுகிறது. நாமும் இதனையே சரியெனக் கொள்கிறோம். ஆனால் நடைமுறையில் ஒரு முட்டு உண்டு. எது எந்த வகை என்பதைத் திறந்து படிக்காமல் அறிவது எப்படி?

நம் மக்களுக்கு இது வெறும் தர்க்கமன்று. மறைந்தவரின் கடனைத் தீர்த்த பிறகே சொத்தைப் பங்கிடலாம் என்பது நம் வீடுகளில் சிறுவரும் அறிந்த சட்டம். பிறர் மறைவைத் துருவி ஆராய்வது கூடாது என்பதும் அதே அளவு அறிந்த ஒன்று. மேற்சொன்ன தட்டிலிருந்து, ஒருவருக்கு இன்ன தொகை தரவேண்டும் என்னும் குறிப்பொன்றும் மீண்டு வந்தால் இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. அக்குறிப்பை அவர் ஏன் அழித்தார்? கடன் தீர்ந்துவிட்டது, இனி எதற்கு என்று அழித்திருக்கலாம். கொடுத்தவர் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருக்கலாம். கைத்தவறாகவும் இருக்கலாம். தட்டு ஒன்றும் சொல்லாது. இங்கே வாரிசுகள் வாளாவிருப்பது முறையன்று. கடன் கொடுத்ததாகக் காணப்படுபவரை நேரில் கண்டு, 'எங்கள் வாப்பா தங்களுக்கு ஏதேனும் தரவேண்டியது உண்டா' என்று கேட்பதே முறை. குறிப்பைக் காட்டத் தேவையில்லை. தொகையைச் சொல்லவும் தேவையில்லை. கடிதத்தைப் பொறுத்தவரை, முதல் வரியிலேயே அது எத்தகையது என்று தெரிந்துவிடும்; அங்கேயே மூடிவிடுவதே மகன் செய்யத்தக்கது. ஆயினும், முதல் வரியோடு நிறுத்தும் உறுதி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை.

ஓரளவு உதவும் வழி ஒன்று உண்டு. ஃபோட்டோரெக் முதலிய மீட்பு நிரல்களில், எந்த வகைக் கோப்புகளைத் தேடவேண்டும் என்று முன்கூட்டியே குறிக்க இயலும். தாய் கேட்டது படங்களைத்தான். எனவே படங்களை மட்டும் மீட்டால் போதும். கடிதங்கள் இருளிலேயே கிடந்து, புதியன வந்து அமரும் நாளில் உண்மையாகவே அழிந்துபோகும். கடன் பற்றிய ஐயம் இருந்தால், குடும்பம் முழுவதும் கூடியமர்ந்து பார்க்காமல், நம்பத்தக்க ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கலாம். படங்களிலும் எல்லாமே எல்லோருக்கும் உரியவை அல்ல என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். நம் பெண்மக்கள் வீட்டுக்குள் எடுத்துக்கொண்ட படங்கள் முன்பின் அறியாத ஒருவரின் திரையில் ஓடுகின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தட்டைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது பூட்டைத் திறக்கத் தெரிந்தவரிடம் பெட்டியைக் கொடுப்பதாகும். அது அமானிதம். தாம் மீட்டவற்றின் நகல் தம்மிடம் இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். நாமும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

கொடுப்பவரின் கவனக்குறைவும் சிறிதன்று. அமெரிக்காவில் கார்ஃபிங்கல், ஷெலட் என்னும் ஆய்வு மாணவர் இருவர் பழைய தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கும் நிலையில் இருந்தவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. பலவற்றில் கடன் அட்டை எண்களும் சொந்தக் கடிதங்களும் மருத்துவச் செய்திகளும் இருந்தன. ஒன்று, வங்கியின் பணம் வழங்கும் எந்திரத்தில் இருந்த தட்டு! விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகவே நம்பியிருந்தனர். அட்டையைக் கிழித்தவர் நூலை எரித்ததாக எண்ணிக்கொண்டார். ரிச்சி தெருவில் பழைய கணிப்பொறியை விற்க நினைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது. முழுத் தட்டின்மீதும் ஒருமுறை வெற்றெண்களை எழுதிவிட்டால் இன்றைய தட்டுகளுக்கு அதுவே போதும். 35 முறை எழுதும் முறைகளை 1996இல் பீட்டர் கட்மன் ஒரு கட்டுரையில் விளக்கியதைப் பிடித்துக்கொண்டு இன்றும் அஞ்சுவோர் உளர். அவை அக்காலத்துப் பலவகைத் தட்டுகளையும் ஒருங்கே கருதிச் சொல்லப்பட்டவை.

அழிக்கும் உரிமையைப் பற்றிச் சட்டங்களும் பேசத் தொடங்கிவிட்டன. ஸ்பெயின் நாட்டவர் ஒருவர், 1998இல் தம் கடனுக்காகச் சொத்து ஏலம் விடப்பட்ட செய்தித்தாள் அறிவிப்பு, கடன் தீர்ந்து பல்லாண்டு கழிந்தும் தம் பெயரைத் தேடுவோருக்கு முதலில் தென்படுகிறது என்று வழக்காடினார். 2014ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் தீர்ப்பு என்ன? தேடுபொறி தன் பட்டியலிலிருந்து அவ்விணைப்பை எடுக்க வேண்டும். செய்தித்தாளின் பழைய பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கும் கிழிந்தது அட்டைதான்! நம் நாட்டிலும் 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய செய்தியை அழிக்கக் கோரும் உரிமையை வழங்குகிறது. மறைந்தவரின் பொருட்டு அதைக் கோருவோர் யார் என்னும் கேள்வியும் அதில் எட்டிப் பார்க்கிறது. தமக்குப் பின் தம் உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

இதற்கிடையே எந்திரமும் மாறி வருகிறது. சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் அசையாச் சேமிப்புகள் வந்துவிட்டன. இவற்றில் ஒரு கோப்பை நீக்கினால், அவ்விடம் இனி வேண்டாம் என்னும் செய்தி 'ட்ரிம்' என்னும் கட்டளையாகச் சேமிப்புக்கே போய்ச் சேர்கிறது. அது தன் ஓய்வுநேரத்தில் அந்த இடத்தைத் தானே துடைத்துவிடுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களுக்குப் பிறகு எந்த வல்லுநராலும் ஒன்றும் செய்ய இயலாது. சிறுவயதில் கோவை இலையால் துடைத்த சிலேட்டுப் பலகைக்கு ஏறத்தாழத் திரும்பிவிட்டோம். சினத்தில் எழுதிய கடிதத்தை அழித்த தந்தைக்கு இது நிம்மதி. கைத்தவறால் உம்மாவின் குரலை இழந்த மகனுக்கு இனி மூன்று நாளில் திரும்பி வரும் ஆறாயிரம் படங்கள் இல்லை. அவன் வேறொரு நகலை முன்பே எடுத்து வைத்திருந்தால் உண்டு. அந்த நகலிலோ, தந்தை அழிப்பதற்கு முந்திய நாளின் கடிதமும் அப்படியே இருக்கும்.